மரெட் இணைப்பு: பெட்டியைத் திறந்தால் கண்ணில் படுபவை

கனடாவில் வயரிங் வேலை செய்கிற நம்மவர் வாயில், வயர்களின் நுனிகளைச் சேர்த்துத் திருகும் பிளாஸ்டிக் மூடி "மரெட்"தான். அமெரிக்காவில் "வயர் நட்" என்கிறார்கள். ஸ்கொட்லாந்திலிருந்து இங்கே வந்து குடியேறிய வில்லியம் மார் 1914இல் உருவாக்கிய இணைப்பானிலிருந்து வந்த பெயர். அதற்கு முன்பு இரண்டு வயரை முறுக்கி, ஈயம் உருக்கி ஊற்றி, டேப் சுற்ற வேண்டும். இப்போது கடையில் ஒரு பை வாங்கினால் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். லைட் பெட்டியையோ பிளக் பெட்டியையோ திறக்கும்போது அடிக்கடி கண்ணில் படும் பழுதுகளை, எதனால் வந்தது என்பதோடு சேர்த்து, இந்த வேலை தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகக் கீழே எழுதுங்கள்.

*

அடிப்படையிலிருந்து தொடங்குகிறேன். பழைய மரெட் ஒன்றைக் குறட்டால் உடைத்துப் பாருங்கள். உள்ளே கூம்பாகச் சுற்றிய உருக்கு ஸ்பிரிங் இருக்கும். அந்தக் கம்பி உருண்டையாக இராது, விளிம்பு வைத்திருக்கும். மூடியைத் திருகும்போது ஸ்பிரிங் சற்று விரிந்து, அந்த விளிம்பு செப்பில் புரி வெட்டிக்கொண்டு இறங்கும். பிடி என்பது இதுதான். வெளியே இருக்கும் பிளாஸ்டிக் தொடாமல் காப்பதற்கு மட்டும்.

எவ்வளவு உரிப்பது? மரெட் வரும் பையில் எழுதியிருக்கும். 14, 12 கேஜ் வயருக்கு (கேஜ் என்பது வயரின் தடிப்பு எண், எண் கூடினால் வயர் மெல்லியது) பெரும்பாலும் 12 மி.மீ. ஒட்டி வரும். கூட உரித்தால் மூடியின் பாவாடைக்குக் கீழே செப்பு தெரியும். குறைத்து உரித்தால் ஸ்பிரிங் செப்புக்குப் பதிலாக வயரின் தோலைக் கடிக்கும். இந்த இரண்டாவது பழுது வெளியே தெரியாது, அதனால்தான் அது கெட்டது. கத்தியால் உரிக்காதீர்கள். 14 கேஜ் செப்பின் விட்டமே 1.63 மி.மீ. தான். அதில் ஒரு கீறல் விழுந்தால், மடித்துப் பெட்டிக்குள் தள்ளும்போது அந்த இடத்திலேயே முறியும்.

நேரான ஒற்றைக் கம்பிகள் என்றால் நுனிகளைச் சமமாகப் பிடித்து, மூடியை வலப்பக்கமாகத் திருகுங்கள். முதலில் குறட்டால் முறுக்க வேண்டுமா என்று எப்போதும் வாதம் வரும். பெரும்பாலான தயாரிப்பாளர்கள் தேவையில்லை என்றே எழுதுகிறார்கள், முறுக்கினாலும் தவறில்லை. மூன்று, நான்கு வயர் சேரும் இடத்தில் முறுக்கிவிட்டுப் போடுவதுதான் என் கட்சி, ஏனென்றால் நடுவில் நிற்கும் ஒன்று பின்னுக்கு நழுவாது. மூடிக்கு வெளியே, தோலோடு இருக்கும் வயர்கள் இரண்டு சுற்று ஒன்றையொன்று பின்னி நிற்கும்வரை திருகுங்கள். பிறகு மூடியை ஒரு கையில் பிடித்து வயர்களை ஒவ்வொன்றாக இழுங்கள். மொத்தமாகப் பிடித்து இழுத்தால் அது சோதனையே இல்லை. இறுக்கமான இரண்டு, தளர்ந்த மூன்றாவதைத் தாங்கிக்கொள்ளும்.

*

மேலே அண்ணை எழுதியதோடு மூடியின் நிறத்தையும் சேர்க்க வேணும். ஆரஞ்சு, மஞ்சள், சிவப்பு என்று நிறத்தை மட்டும் பார்த்து எடுக்கக் கூடாது. ஒரு கொம்பனியின் மஞ்சள் மற்றதன் மஞ்சளுக்குச் சமமில்லை. எந்தக் கேஜில் எத்தனை வயர் என்ற அட்டவணை பையிலேயே அச்சிட்டிருக்கும். கீழ் எல்லையும் அதில் இருக்கும். "பெரிசு போட்டால் நல்லது" என்று இரண்டு மெல்லிய வயருக்குச் சிவப்பு மூடி போட்டால் ஸ்பிரிங் கடிக்க ஒன்றுமே இல்லை.

இதை அதிகம் காண்பது கூரை லைட்டில். லைட்டோடு வரும் வயர் பல இழை கொண்ட 18 கேஜ், வீட்டு வயர் ஒற்றைக் கம்பி 14. இரண்டையும் சமமாகப் பிடித்துத் திருகினால் இழை வயர் கம்பியைச் சுற்றிக்கொண்டு மெல்லக் கீழே இறங்கிவிடும். இழை வயரை 3 மி.மீ. போலக் கூட உரித்து, அதன் நுனியைக் கம்பியின் நுனிக்கு முன்னே நீட்டிப் பிடியுங்கள். மூடியின் கூம்பு முதலில் இழைகளைப் பிடிக்கும், பிறகு கம்பியோடு சேர்த்து இறுக்கும். லைட்டோடு சேர்த்துச் சும்மா தரும் மூடி பொருந்துகிறதா என்றும் அட்டவணையில் பாருங்கள். பொருந்தாவிட்டால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு எடுங்கள்.

*

குசினி மேசைப் பிளக் பற்றி யாரும் எழுதவில்லை. எனக்கு இதுதான் பெரிய கவலை.

ஒன்டாரியோவில் பல வீடுகளின் குசினியில் 14/3 கேபிள் (14 கேஜில் கறுப்பு, சிவப்பு, வெள்ளை மூன்று வயர்) வந்து ஒரே பிளக்கின் மேல் பாதிக்குக் கறுப்பும் கீழ்ப் பாதிக்குச் சிவப்பும் கொடுத்திருக்கும். வெள்ளை நியூட்ரல் இரண்டுக்கும் பொது. கறுப்புக்கும் சிவப்புக்கும் இடையே 240 வோல்ட். பெட்டிக்குள் அந்த வெள்ளை இணைப்பு தளர்ந்தால் எதுவும் அணையாது. மேலே உள்ள பொருளும் கீழே உள்ள பொருளும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரில் சேர்ந்து 240 வோல்ட்டைப் பங்குபோடும்.

கணக்கைப் பாருங்கள். மேலே 1500 வாட் கேத்தல், அதன் மின்தடை 9.6 ஓம். கீழே 150 வாட் எடுக்கும் ஒரு பொருள், 96 ஓம். மொத்தம் 105.6 ஓம், ஓடும் கரண்ட் 2.27 ஆம்பியர். கேத்தலுக்குக் கிடைப்பது 22 வோல்ட். சின்னப் பொருளின் தலையில் விழுவது 218 வோல்ட். 120 வோல்ட்டுக்குச் செய்த பொருள் அதைத் தாங்காது. பிரேக்கரும் விழாது, 2 ஆம்பியர் அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

ஆகவே கறுப்புக்கும் சிவப்புக்கும் பொதுவான நியூட்ரல் அடுத்த பெட்டிக்குத் தொடர்கிறது என்றால், அதைப் பிளக்கின் திருகாணி வழியாகக் கடத்தாதீர்கள். வந்த வெள்ளை, போகும் வெள்ளை, பிளக்குக்கு ஒரு துண்டு வெள்ளை மூன்றையும் மரெட்டில் சேர்த்து, அந்தத் துண்டை மட்டும் பிளக்கில் பூட்டுங்கள். நாளை யாராவது பிளக்கைக் கழற்றினாலும் நியூட்ரல் அறாது. வேலைக்கு முன் கறுப்பு, சிவப்பு இரண்டின் பிரேக்கரும் இறங்கியதா என்று சோதியுங்கள். டெஸ்டரை முதலில் கரண்ட் உள்ள இடத்தில் வைத்து, அது வேலை செய்கிறது என்று உறுதிப்படுத்திவிட்டு இங்கே வையுங்கள்.

*

பெட்டிக்குள் இடம் போதாமல் அமுக்கித் திணிப்பதாலும் நல்ல இணைப்பு கழன்றுபோகும். 3 × 2 × 2½ அங்குலச் சுவிட்ச் பெட்டி 204 மில்லிலீட்டர். கனடா விதிப்படி 14 கேஜ் வயர் ஒன்றுக்கு 24.6 மில்லிலீட்டர், ஆக எட்டு வயர். சுவிட்ச் இரண்டு வயரின் இடத்தைப் பிடிக்கும். இரண்டு மரெட்டுக்கு ஒரு வயரின் இடம். மிச்சம் ஐந்து. இரண்டு கேபிள் என்றால் நான்கு வயர், சரி. மூன்றாவது கேபிளைக் கொண்டுவந்தால் ஆறு, விதி மீறல். தடித்த டிம்மர் என்றால் இடம் இன்னும் சுருங்கும். பெரிய பெட்டி மாட்டுங்கள்.

*

தம்பி ஒருவர் தனியே கேட்டிருந்தார், எல்லோருக்குமாக இங்கே: தளர்ந்த இணைப்பு ஏன் சூடாகிறது, பிரேக்கர் ஏன் காப்பாற்றுவதில்லை? 1500 வாட் ஹீட்டர் 12.5 ஆம்பியர் இழுக்கும். இணைப்பில் 0.1 ஓம் தடை இருந்தால் அங்கே 15.6 வாட் வெப்பம். சிறிய சால்டரிங் அயன் அளவு வெப்பம், விரல் நுனி அளவு மூடிக்குள். பிரேக்கருக்கு அது வழக்கமான 12.5 ஆம்பியர்தான். சூட்டில் ஸ்பிரிங் தளரும், செப்பு கறுக்கும், தடை கூடும், சூடு மேலும் கூடும். மூடியின் பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தாலோ, வயரின் தோல் விறைத்து உடைந்தாலோ, மூடியை மட்டும் மாற்றாமல் நிறம் மாறாத செப்பு வரும்வரை வெட்டிப் புதிதாக இணையுங்கள். பெட்டிக்குள் 150 மி.மீ. வயர் விடச் சொல்வதன் அருமை அப்போது தெரியும்.

*

அலுமினியம். 1960களின் நடுவிலிருந்து 1970களின் இறுதிவரை கட்டிய வீடு வாங்கியவர்கள் கட்டாயம் பாருங்கள். கேபிளின் உறையில் அலுமினியம் என்று அச்சிட்டிருக்கும். வயர் வெள்ளியாகத் தெரிவதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். இன்னும் பழைய ரப்பர் தோல் வயர்களில் வெள்ளீயம் பூசிய செப்பும் வெள்ளியாகவே தெரியும். வெட்டுமுகத்தைப் பாருங்கள், உள்ளே சிவப்பு இருந்தால் செப்பு.

அலுமினியத்தின் மேல் உருவாகும் ஆக்சைடு படலம் கரண்டைக் கடத்தாது. சூட்டில் செப்பைவிட அதிகம் விரியும், அழுத்தம் கொடுத்தால் மெல்ல நசிந்து விலகும். சாதாரண மூடியில் அலுமினியத்தையும் செப்பையும் சேர்ப்பது தீயைக் கூப்பிடுவதுதான். இந்தச் சேர்க்கைக்கென்று சான்று பெற்ற மூடிகள் தனி, கனடாவில் மரெட் 63, 65 என்று கேட்டு வாங்குங்கள். ஆக்சைடைத் தடுக்கும் பசை வேண்டுமா என்று பையில் பாருங்கள்.

அமெரிக்காவில் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் இன்னும் கண்டிப்பு. முறுக்கு மூடிகளை நிரந்தரத் தீர்வாக அது ஏற்பதில்லை. முழுதும் வயர் மாற்றுவது, கோபலம் என்ற அழுத்த இணைப்பு, திருகாணி வைத்த அலுமிகான் ஆகியவற்றையே சொல்கிறது. என் கருத்தும் திருகாணி இணைப்பான் பக்கமே, அதுவும் டார்க் ஸ்க்ரூடிரைவரால் (இறுக்கும் விசையை அளப்பது) தாளில் சொன்ன அளவுக்கு இறுக்கினால் மட்டும். ஒன்டாரியோவில் இந்த வேலைக்கு மின்பாதுகாப்பு ஆணையத்துக்கு அறிவிப்புக் கொடுக்க வேண்டும். கூலிக்கு ஆள் பிடித்தால் உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரராக இருக்க வேண்டும். காப்புறுதிக் கொம்பனி அந்த ஆய்வுத் தாளைக் கேட்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

*

மூடிக்கு மேல் டேப் சுற்றலாமா? சரியாகப் போட்ட மூடிக்குத் தேவையில்லை. கழன்ற மூடியை டேப் பிடித்து வைத்திருந்தால் பழுது மறைந்துபோகும். வெளிச்சுவர், தோட்ட லைட் என்றால் சிலிக்கோன் அடைத்த மூடி எடுங்கள், சாதாரணமானது ஈரத்தைத் தாங்காது.

*

ஊரில் உள்ளவர்களுக்கு: மரெட் அட்டவணை கேஜில் இருக்கும். 14 கேஜ் 2.08 சதுர மி.மீ., 12 கேஜ் 3.31. நம் 1.5 சதுர மி.மீ. வயர் 16க்கும் 14க்கும் இடையில், 2.5 வயர் 14க்கும் 12க்கும் இடையில். அதுவும் பல இழை வயர். கேஜ் கணக்கைக் குத்துமதிப்பாக மாற்றிப் போடுவதைவிட, சதுர மி.மீ. அளவு அச்சிட்ட நெம்பு இணைப்பான் (சின்ன லீவரை அமர்த்தினால் வயரைப் பிடிப்பது) வாங்குங்கள். வாகோ 221 வகையில் 4 சதுர மி.மீ. வரை ஏற்பவற்றுக்கு 11 மி.மீ. உரிக்க வேண்டும், அளவு அதன் பக்கத்திலேயே பொறித்திருக்கும். நெம்பை முழுதும் தூக்கி, இழைகள் விரியாமல் உள்ளே விட்டு, கண்ணாடி போன்ற உடல் வழியே செப்பு கடைசிவரை போனதா என்று பார்த்த பிறகு நெம்பை அமர்த்துங்கள்.