ஏர்ட்ரியோனியன்ஸ் பிறந்தது 1878ஆ, 1965ஆ, 2002ஆ?

கடைசிபெஞ்ச்:
2024இல் ஏர்ட்ரியோனியன்ஸ் கால்பந்து கிளப் ஸ்காட்லாந்தின் சேலஞ்ச் கோப்பையை வென்றபோது நம்ம ஆள் ஒருவர் "146 வயதுத் தாத்தா கோப்பை தூக்கிவிட்டார்" என்று எழுதியிருந்தார். அன்றே சண்டைக்கு வர நினைத்தேன், வேலை விடவில்லை. இன்று வருகிறேன். தாத்தா 2002 மே மாதமே போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு இப்போது ஆடுவது பக்கத்து ஊர்க்காரர்.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. ஏர்ட்ரி, கிளாஸ்கோவுக்குக் கிழக்கே சுமார் 12 மைலில் உள்ள சிறிய ஊர். 1878இல் எக்ஸெல்சியர் என்று தொடங்கிய கிளப், 1881இல் ஏர்ட்ரியோனியன்ஸ் ஆனது. வெள்ளைச் சட்டையில் சிவப்பு வைரம். அதனால் 'டைமண்ட்ஸ்' என்று செல்லப்பெயர். 1923 முதல் 1926 வரை நான்கு வருடம் தொடர்ந்து லீகில் இரண்டாம் இடம், நடுவில் 1924இல் ஹிபர்னியனை 2-0 என்று வென்று ஸ்காட்டிஷ் கோப்பை. ஸ்காட்லாந்தின் புகழ்பெற்ற கோல் வீரர் ஹியூயி கலாகர் அந்த அணியில் ஆடினார். அப்புறம் 1975, 1992, 1995 என மூன்று முறை கோப்பையின் இறுதி ஆட்டம் வரை போய்த் தோற்றார்கள்.

கடன் கழுத்தை நெரித்து 2002இல் கிளப் மூடப்பட்டது. ஜிம் பாலண்டைன் என்ற கணக்காளர் 'ஏர்ட்ரி யுனைடெட்' என்று புதுக் கிளப் தொடங்கி, காலியான லீக் இடத்துக்கு மனுப் போட்டார். மற்ற கிளப்புகள் ஓட்டெடுத்து அந்த இடத்தை கிரெட்னா என்ற கிளப்புக்குக் கொடுத்துவிட்டன. உடனே அவர் என்ன செய்தார்? கிளாஸ்கோவுக்கு மேற்கே நொடித்துக் கிடந்த கிளைட்பேங்க் கிளப்பை வாங்கி, பெயரை மாற்றி, ஊரை மாற்றி, ஏர்ட்ரிக்குக் கொண்டுவந்தார். 2013இல் ஸ்காட்லாந்து கால்பந்து சங்கம் ஏர்ட்ரியோனியன்ஸ் என்ற பழைய பெயரையும் அனுமதித்தது.

செத்தது எது, வாங்கப்பட்டது எது என்று மட்டும் பாருங்கள். 2024இல் கோப்பை தூக்கியது 1965இல் பிறந்த கிளைட்பேங்க். முடிந்தது கதை.

ஊர்க்குருவி:
முடியவில்லை. வீடு எரிந்தால் குடும்பமே அழிந்துவிட்டது என்று சொல்வீர்களா? ஊர் அதே ஊர். 1998இல் திறந்த எக்ஸெல்சியர் ஸ்டேடியம் அதே ஸ்டேடியம். நெஞ்சில் அதே வைரம். கேலரியில் உட்கார்ந்திருப்பவர்களும் அதே ஆட்கள்தான். மாறியது ஒரு காகிதம்.

1924 கோப்பை யாருடையது என்று ஏர்ட்ரி தெருவில் நின்று கேளுங்கள். காகிதத்தைக் காட்டி "உங்களுடையது இல்லை" என்று சொல்லிப் பாருங்கள், என்ன நடக்கிறது என்று தெரியும்.

கடைசிபெஞ்ச்:
எரிந்த வீட்டை எரிந்த இடத்திலேயே கட்டினால் நானும் வந்து செங்கல் தூக்கியிருப்பேன். இங்கே நடந்தது அதுவா? பக்கத்து வீட்டுக்காரன் வாடகை பாக்கியில் தவிக்கும்போது வீட்டை விலைக்கு வாங்கி, அவனை வெளியே தள்ளிவிட்டு, வாசலில் நம் பெயர்ப்பலகையை மாட்டியது. ஏர்ட்ரி ரசிகர்கள் அழுத கதையை எல்லாரும் சொல்கிறார்கள். அதே கோடையில் கிளைட்பேங்க் ரசிகர்களுக்குக் கிளப்பே இல்லாமல் போனதை யாராவது சொல்கிறார்களா?

குமாஸ்தா:
உணர்ச்சியை ஓரமாக வைத்துவிட்டு ஆவணத்தைப் பார்ப்போம். ஏர்ட்ரியோனியன்ஸ் கம்பெனி கலைக்கப்பட்டது. அதன் லீக் உறுப்பினர் பதவி அதோடு போனது. யாருக்கும் கைமாறவில்லை. பாலண்டைன் வாங்கியது கிளைட்பேங்க் கம்பெனியையும் அதன் உறுப்பினர் பதவியையும். அதனால்தான் 2002 ஆகஸ்டில் ஏர்ட்ரி யுனைடெட் கிளைட்பேங்க் இருந்த செகண்ட் டிவிஷனில் ஆட வந்தது. பழைய ஏர்ட்ரி ஃபர்ஸ்ட் டிவிஷனில் இரண்டாவது இடத்தில் முடித்த அணி என்பதை மறக்கவேண்டாம். ஒரே கிளப் என்றால் ஏன் ஒரு படி கீழே?

இதை கிளாஸ்கோவின் பெரிய கிளப்பான ரேஞ்சர்ஸோடு ஒப்பிடுங்கள். 2012இல் அவர்கள் கம்பெனியும் கலைப்புக்குப் போனது. ஆனால் சொத்தை வாங்கிய புதுக் கம்பெனிக்குச் சங்கத்தின் உறுப்பினர் பதவி மாற்றித் தரப்பட்டது. மூன்றாம் டிவிஷனில் ஆட வைத்தார்கள், என்றாலும் கயிறு அறவில்லை. ஏர்ட்ரியில் கயிறு அறுந்துவிட்டது.

அரட்டை அண்ணாச்சி:
ரேஞ்சர்ஸ் பேரை எடுத்தாச்சா? போச்சு. இனி அவங்க பரம எதிரி செல்டிக்கோட தம்பிகள் வரிசையா வருவாங்க. நான் டீ போட்டுட்டு வர்றேன்.

ஊர்க்குருவி:
குமாஸ்தா ஐயா, கயிறு என்றால் காகிதக் கயிறு மட்டும்தானா? 2002 ஏப்ரல் 27, அயர் ஊர் மைதானத்தில் பழைய கிளப்பின் கடைசி ஆட்டம். கிளப் சாகப்போகிறது என்று எல்லாருக்கும் தெரியும். பாதி ஆட்டத்தில் ரசிகர்கள் உள்ளே புகுந்து கோல் கம்பத்தின் மேல்கட்டையை முறித்துவிட்டார்கள், ஆட்டம் அதோடு நின்றது. அது தப்புதான், நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் ஏப்ரலில் கட்டையை முறித்தவன்தான் ஆகஸ்டில் டிக்கெட் எடுத்து உள்ளே வந்தான். நடுவில் அவன் வேறு கிளப்புக்கு மாறினானா என்ன?

இன்னொன்று. கிளைட்பேங்கை ஏதோ ஏமாந்த அப்பாவி போல எழுதுகிறீர்கள். அது பிறந்த கதை தெரியுமா? 1964இல் ஸ்டீட்மன் சகோதரர்கள் ஃபால்கர்க் ஊரின் ஈஸ்ட் ஸ்டர்லிங்ஷயர் கிளப்பை அப்படியே பெயர்த்து கிளைட்பேங்குக்குக் கொண்டுபோய், அங்கிருந்த ஜூனியர் அணியோடு (ஸ்காட்லாந்தில் 'ஜூனியர்' என்றால் சிறுவர்கள் இல்லை, பெரிய லீகுக்கு வெளியே ஆடும் கிளப்) சேர்த்து 'ஈ.எஸ். கிளைட்பேங்க்' என்று ஆடவிட்டார்கள். பங்குதாரர்கள் கோர்ட்டுக்குப் போய் ஒரே வருடத்தில் கிளப்பைத் திரும்ப ஊருக்குக் கொண்டுவந்தார்கள். கை வெறுமையான பிறகு 1965இல் ஸ்டீட்மன்கள் தொடங்கியதுதான் உங்கள் கிளைட்பேங்க். 1966இல் லீகுக்குள் வந்தது. முற்பகல் செய்யின் பிற்பகல் விளையும்!

கடைசிபெஞ்ச்:
ஈஸ்ட் ஸ்டர்லிங்ஷயர் கதை தெரியும், ஆனால் இந்த வாதத்தில் யோசிக்கவில்லை. அடி விழுந்தது, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் பழமொழி தப்பான தலையில் விழுகிறது. 1964இல் செய்தது முதலாளிகள். 2002இல் அனுபவித்தது கேலரியில் நின்றவர்கள். அதுவும் இல்லாமல், ஈஸ்ட் ஸ்டர்லிங்ஷயர்க்காரர்கள் கையில் பங்கு இருந்தது, கோர்ட்டில் ஏறி ஜெயித்தார்கள். கிளைட்பேங்க் ரசிகர்கள் கையில் என்ன இருந்தது? கிளப் திவால் நிர்வாகியின் பிடியில், விற்பனைக்கு. பணம் கொண்டுவந்தவனுக்குச் சாவி.

தேன்மொழி:
நான் கிளாஸ்கோ பக்கம் சில வருடம் இருந்தவள். இரண்டு ஊருக்கும் போயிருக்கிறேன், அதனால் இரண்டு பேரையும் திட்டுகிறேன்.

முதலில் கடைசிபெஞ்ச். 2002இல் திடீரென்று கிளைட்பேங்க் திருடு போனது போல எழுதுகிறீர்கள். அந்தக் கிளப்புக்கு அதற்கு ஆறு வருடம் முன்பே வீடு இல்லை. கில்போவி பார்க் மைதானத்தை 1996இல் விற்றாயிற்று. 1977இல் பெஞ்சு போட்டு, நிற்க இடமே இல்லாமல் எல்லாரையும் உட்கார வைத்த மைதானம் அது. அதன் பிறகு டம்பார்ட்டனில் ஒண்டுக்குடித்தனம், அப்புறம் கிரீனக்கில் மோர்ட்டன் கிளப்பின் கேப்பிலோ மைதானத்தில். நடுவில் டப்ளினுக்கே கொண்டுபோகிறோம் என்று ஒரு திட்டம். அயர்லாந்துக்கு! ஸ்காட்லாந்து லீகில் ஆட! கப்பல் கட்டிய ஊர், 1941இல் குண்டு மழையில் தரைமட்டமாகி எழுந்த ஊர். அந்த ஊரின் கிளப்பைச் சந்தைக்குச் சந்தை ஓட்டிக்கொண்டு போனார்கள். கடைசியாக வாங்கியவர் பாலண்டைன். அவர் ஒருவர்தான் வில்லன் என்றால் கணக்கு சரியாக வராது.

இப்போது ஊர்க்குருவி. எக்ஸெல்சியர் ஸ்டேடியத்தில் ஒரு சனிக்கிழமை உட்கார்ந்திருந்தேன். பத்தாயிரம் இருக்கை, என் வரிசையில் நானும் ஒரு பெரியவரும் மட்டும். மேல் டிவிஷனில் ஆடப் பத்தாயிரம் இருக்கை வேண்டும் என்று அந்தக் காலத்தில் இருந்த விதிக்காகக் கட்டியது. பெரியவர் கையில் 'பை' என்ற சூடான பலகாரம், கழுத்தில் 1992 இறுதி ஆட்டத்து ஸ்கார்ஃப், வைரத்தின் சிவப்பு ரோஜா நிறத்துக்கு வெளுத்திருந்தது. "பழைய மைதானம் எங்கே இருந்தது?" என்று கேட்டேன். "சூப்பர் மார்க்கெட்டில் ரொட்டி வாங்கும்போதெல்லாம் பெனால்டி ஏரியாவில் நிற்கிறேன் என்று நினைத்துக்கொள்வேன்" என்றார். 1892 முதல் ஆடிய புரூம்ஃபீல்ட் பார்க்கை 1994இல் சேஃப்வே சூப்பர் மார்க்கெட்டுக்கு விற்றது பழைய கிளப்பேதான். புது ஸ்டேடியம் எழும்ப நான்கு வருடம் ஆனது, அதுவரை கம்பர்நால்டில் வாடகைக்கு ஆடினார்கள். ஏர்ட்ரியைக் கொன்றது கிளைட்பேங்க் இல்லை, கிரெட்னா இல்லை, இந்தக் கணக்குதான். ஆனால் அதற்கு விலை கொடுத்தது வேறு ஊர்.

குமாஸ்தா:
தேன்மொழி அம்மா சொன்னதில் சட்டப்படி முக்கியமான ஒன்றைச் சேர்க்கவேண்டும். ஏர்ட்ரி யுனைடெட் வாங்கிய பிறகு கிளைட்பேங்கின் பெயரையும் சின்னத்தையும் யுனைடெட் கிளைட்பேங்க் சப்போர்ட்டர்ஸ் என்ற ரசிகர் அமைப்புக்குக் கொடுத்துவிட்டது. 2003இல் அந்த அமைப்பு ஜூனியர் லீகின் அடிமட்டத்திலிருந்து கிளைட்பேங்கை மறுபடி தொடங்கியது.

ஆக, வாங்கியவரே "இந்த வரலாறு எனக்கு வேண்டாம்" என்று எழுதிக் கொடுத்தாயிற்று. எனவே கடைசிபெஞ்சின் 1965 அடிபடுகிறது. உறுப்பினர் பதவி அறுந்ததால் ஊர்க்குருவியின் 1878உம் அடிபடுகிறது. மிஞ்சுவது 2002. அந்த வருடம் புதிதாகப் பிறந்த கிளப், விலைக்கு வாங்கிய நாற்காலியில் உட்கார்ந்தது.

ஊர்க்குருவி:
அற்புதம். அப்படியென்றால் 2003இல் தொடங்கிய கிளைட்பேங்கும் புதுசுதானே? அவர்களிடமும் பழைய உறுப்பினர் பதவி இல்லை. சட்டை, பெயர், சின்னம், ரசிகர்கள், அவ்வளவுதான். இதே நாலும் ஏர்ட்ரியிடம் இருக்கிறது. அங்கே ஏற்பீர்கள், இங்கே மாட்டீர்களா?

கடைசிபெஞ்ச்:
அவர்கள் அடிமட்டத்திலிருந்து ஏறி வந்தார்கள். யாருடைய நாற்காலியிலும் உட்காரவில்லை. எனக்கு அதுதான் வித்தியாசம்.

லிவிங்ஸ்டன் கிளப்பைப் பாருங்கள். 1943இல் எடின்பராவில் ஃபெரான்டி கம்பெனித் தொழிலாளர்களின் அணியாகத் தொடங்கி, 1974இல் மெடோபேங்க் திசில் என்று லீகுக்குள் வந்து, 1995இல் புது ஊருக்குக் குடிபெயர்ந்தது. எடின்பரா ரசிகர்கள் மனம் வெந்து போனார்கள், இன்றும் சிலர் மன்னிக்கவில்லை. ஆனால் லிவிங்ஸ்டன் தன்னை 1943 கிளப் என்றுதான் சொல்கிறது. வந்த வழியை மறைக்கவில்லை. ஏர்ட்ரியும் அப்படிச் சொல்லட்டுமே?

தேன்மொழி:
லிவிங்ஸ்டனில் அதற்கு முன் செத்த கிளப் எதுவும் இல்லை, அதனால் சுலபம். ஏர்ட்ரி "நாங்கள் கிளைட்பேங்க்" என்று சொன்னால் யோக்கரில் மறுபடி தொடங்கிய கிளைட்பேங்க் ஆடும் ஹோம் பார்க் மைதானத்துக்குப் போய்க் கொடி பிடிக்கும் ஆட்கள் முதலில் எழுந்து அடிக்க வருவார்கள். அவர்களுக்கு அந்த வரலாறு வேண்டும். 1977இல் பிரீமியர் டிவிஷனுக்கு ஏறியது வேண்டும். 1990இல் கோப்பை அரையிறுதியில் செல்டிக்கோடு ஆடியது வேண்டும். எல்லாவற்றையும்விட டேவி கூப்பர் வேண்டும்.

தெரியாதவர்களுக்கு: இடது காலால் மாயம் செய்தவர். கிளைட்பேங்கில் தொடங்கி ரேஞ்சர்ஸ், மதர்வெல் எல்லாம் போய், கடைசியில் கிளைட்பேங்குக்கே திரும்பி வந்தார். 1995 மார்ச்சில் மூளையில் ரத்தக்கசிவு, 39 வயதில் இறந்தார். மயங்கி விழுந்த இடம் கம்பர்நால்டின் பிராட்வுட் மைதானம், குழந்தைகளுக்கான பயிற்சி நிகழ்ச்சியைப் படம் பிடித்துக்கொண்டிருந்தபோது. அந்த வருடம் அதே மைதானத்தில்தான் ஏர்ட்ரி வாடகைக்கு ஆடிக்கொண்டிருந்தது. இதற்கு அர்த்தம் எதுவும் இல்லை. ஆனால் இந்த இரண்டு கிளப்பைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு ஞாபகம் வரும்.

குமாஸ்தா ஐயா, உங்கள் கணக்குப்படி கூப்பர் அடித்த கோல்கள் எந்தக் கிளப்பின் கணக்கில்?

குமாஸ்தா:
ஆவணப்படி... கலைந்துபோன பெயரின் கணக்கில். எழுதும்போதே எனக்குப் பிடிக்கவில்லை.

அரட்டை அண்ணாச்சி:
டீ குடிச்சாச்சு, வந்துட்டேன். எல்லாரும் கிரெட்னாவை மறந்துட்டீங்க. 2002இல் ஏர்ட்ரியைத் தள்ளிட்டு அந்த நாற்காலியில உட்கார்ந்தவன். ஒரு பணக்காரர் பணத்தைக் கொட்டினார், 2006இல் ஸ்காட்டிஷ் கோப்பை இறுதி ஆட்டம், ஹார்ட்ஸ்கிட்ட பெனால்டியில தோல்வி, 2007இல் பிரீமியர் லீக். 2008இல் கடையை மூடியாச்சு. ரசிகர்கள் புதுசா 'கிரெட்னா 2008'னு தொடங்கினாங்க. வருசத்தைப் பேருலயே போட்டுட்டாங்க பாத்தீங்களா? அவங்ககிட்ட இந்தச் சண்டையே கிடையாது.

ஊர்க்குருவி:
அண்ணாச்சி, அதையே சொல்லி ஏர்ட்ரியையும் 'ஏர்ட்ரியோனியன்ஸ் 2002' ஆக்கப் பார்க்கிறீர்கள். முடியாது.

தேன்மொழி, அந்தப் பெரியவரிடம் கேட்டிருக்கலாமே, அவருடைய கிளப்புக்கு வயது என்ன என்று?

தேன்மொழி:
கேட்டேன். "என் அப்பா கூட்டிக்கொண்டு வந்த கிளப்" என்றார். அதற்குள் எதிரணி கோல் அடித்துவிட்டது, பேச்சு நின்றுபோனது.

கடைசிபெஞ்ச்:
சரி. முதல் பதிவில் "கோப்பை தூக்கியது கிளைட்பேங்க்" என்ற வரியை எடுத்துவிடுகிறேன். ஹோம் பார்க்கில் நிற்பவர்களிடமிருந்து நானும் ஒருமுறை பறிக்க வேண்டாம். தலைப்பில் 1965ஐயும் அடித்துவிடுகிறேன். 2002 அப்படியே இருக்கும்.

ஊர்க்குருவி:
2002ஐயும் அடியுங்கள்.

கடைசிபெஞ்ச்:
மாட்டேன்.