பாலாற்று விலாங்கு: குஞ்சு விடுவதா, வழி விடுவதா?

ஏரிக்கரையான் (காவேரிப்பாக்கம்):
எங்கள் மீனவர் சங்கத்தில் பேசிய யோசனையை இங்கும் வைக்கிறேன். பாலாற்றின் வாலாஜா அணைக்கட்டிலிருந்து கால்வாயில் தண்ணீர் இறங்கும் ஆண்டுகளில் ஏரி மதகடியில் கைப்பருமன் விலாங்குகள் கிடைப்பது என் தகப்பனார் காலத்தில் சாதாரணம். இப்போது வலையில் ஒன்று விழுந்தால் ஊரே வந்து பார்க்கிறது. கட்லா, ரோகு குஞ்சுகளை வாங்கி விடுகிறோம் அல்லவா, அதுபோல விலாங்குக் குஞ்சுகளையும் வெளி மாநிலத்திலிருந்து வாங்கி அணைக்கட்டுக்கு மேலே விட்டால் என்ன? மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

உயிரியல் மாணவி (வேலூர்):
மறுப்பு இருக்கிறது, ஐயா. கட்லாவுக்கு ஹார்மோன் ஊசி போட்டுத் தொட்டியிலேயே முட்டையிட வைத்துவிடலாம்; விலாங்கு ஆற்றிலும் ஏரியிலும் வளர்ந்து, முட்டையிட ஆழ்கடலுக்குப் போகும் மீன். ஜப்பானில் 2010ஆம் ஆண்டில்தான் அதன் வாழ்க்கைச் சுற்றை ஆய்வுக்கூடத்துக்குள் முழுமையாக்கினார்கள். இன்றும் பண்ணை விலாங்குகளில் மிகப் பெரும்பாலானவை கழிமுகங்களில் பிடித்த குஞ்சுகளே. ஆகவே நீங்கள் விலை கொடுத்து வாங்கும் குஞ்சு வேறோர் ஆற்றின் வாயிலிருந்து அள்ளியதாகத்தான் இருக்கும். அதனோடு நோயும் வரலாம்: 1980களில் கிழக்காசியாவிலிருந்து உயிருடன் கொண்டுபோன விலாங்குகளோடு காற்றுப்பையைத் தாக்கும் புழு ஒன்று ஐரோப்பாவுக்குள் நுழைந்து, அங்குள்ள இனத்திலும் பரவிவிட்டது.

குஞ்சு விட்டால் மீன் பெருகிவிடும் என்பதற்குக் காவிரியே எச்சரிக்கை. லோனாவாலா பண்ணையில் பொரித்த நீலத்துடுப்பு மஹ்சீர் என்ற ஆற்றுமீனைப் பல ஆண்டுகள் அங்கே விட்டார்கள். பெருகியது வந்த இனம். காவிரிக்கே உரிய திமில் மஹ்சீரோ மிக அருகிய இனங்களின் பட்டியலுக்குப் போய்விட்டது. அதன் அறிவியல் பெயர் டோர் ரெமாதேவி என்று உறுதியானதே 2018ஆம் ஆண்டில்தான்.

ஓய்வு பெற்ற பொறியாளர் (காட்பாடி):
மாணவி இரண்டு வாதங்களைக் கலக்கிறார். மஹ்சீர் ஆற்றுக்கு ஆறு வேறுபடும், விலாங்கு அப்படியல்ல. ஐரோப்பிய விலாங்கின் மரபணுக்களைப் பல நாட்டு ஆறுகளிலிருந்து எடுத்துப் பார்த்தவர்கள், அவை அனைத்தும் அட்லாண்டிக்கின் சர்காசோ கடலில் ஒரே கூட்டமாகக் கலந்து இனம் பெருக்குகின்றன என்ற முடிவுக்கு வந்திருக்கிறார்கள். குஞ்சு தாய் வாழ்ந்த ஆற்றைத் தேடிப் போவதில்லை, நீரோட்டம் கொண்டுபோன கரையில் ஏறுகிறது. நம் ஆறுகளில் வாழும் வங்காள விலாங்கும் அந்த வழிப்பட்டதென்றால் பாலாற்றுக்கென்று தனிப் பரம்பரை எதுவும் இல்லை. பிறகு பாலாற்றில் அது அற்றுப்போனால் என்ன மரபுச் செல்வம் அழிந்துவிடும்? மஹ்சீரைக் காட்டித் தனித்தன்மை பேசிவிட்டு விலாங்குக்கு வாதாடுவது, பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டுகிற வேலை.

உயிரியல் மாணவி:
பழமொழி நன்றாகவே பொருந்துகிறது, ஐயா. ஆனால் விலாங்குக் குஞ்சு வந்தால் இரத்தம் கலந்துவிடும் என்று நான் சொல்லவில்லை, நோய் வரும் என்றுதான் சொன்னேன். ஒரே கூட்டம் என்பதை ஏற்றுக்கொண்டாலும் உங்கள் முடிவு அதிலிருந்து வராது. அமெரிக்க விலாங்கில், ஒரே கடலில் பிறந்த குஞ்சுகள் வெவ்வேறு வெப்பநிலையுள்ள கரைகளில் ஏறியபின், சில மரபணு வடிவங்கள் ஓரிடத்தில் கூடுதலாகவும் மற்றோரிடத்தில் குறைவாகவும் எஞ்சுவதைக் கண்டிருக்கிறார்கள். ஒவ்வோர் ஆறும் தனக்கேற்றவற்றைத் தலைமுறைதோறும் சலித்தெடுக்கிறது. அவை மீண்டும் கடலில் கலப்பதால்தான் அந்தப் பன்மை நிலைக்கிறது. வெப்பமான, விட்டுவிட்டு ஓடும் பாலாறு போன்ற ஆறுகள் அடைபட்டால் அந்தச் சல்லடையில் ஒரு வகையே இல்லாமற்போகும்.

பாலினத்தையும் பாருங்கள். விலாங்கின் பாலினம் பெரிதும் வளரும் சூழலைப் பொறுத்தது. நெரிசலான இடத்தில் ஆண்கள் மிகும்; கூட்டம் குறைந்த மேலாற்றுப் பகுதிகளிலிருந்துதான் பெரிய பெண் விலாங்குகள் இறங்கி வரும். குஞ்சுகள் தடுப்பணை அடியிலேயே குவிந்து நின்றால் இழப்பு எண்ணிக்கையோடு நிற்காது, முட்டைக்கும் சேர்த்துத்தான்.

எல்லா ஆறுகளுக்கும் பொதுவான மீன் கூட்டம் என்பதற்காக ஒவ்வோர் ஆறும் ‘நம் பங்கு சிறிது’ என்று கைவிட்டதன் கணக்கும் ஐரோப்பாவில் இருக்கிறது. அங்கே ஆண்டுதோறும் கரையேறும் குஞ்சுகள் 1970களின் அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டன. அந்த இனத்தின் பன்னாட்டு வணிகம் 2009 முதல் கட்டுப்பாட்டில் இருக்கிறது.

கிணற்றுக்காரர் (குடியாத்தம்):
மீனுக்காகத் தடுப்பணையை உடைக்கச் சொல்வீர்களோ என்றுதான் படித்துக்கொண்டு வந்தேன். எங்கள் பக்கத்துக் கிணறுகள் ஊறுவது அந்தத் தேங்கிய நீரில்தான். தோல் தொழிற்சாலைக் கழிவால் கெட்ட நிலத்தடி நீருக்காக உச்ச நீதிமன்றம் வரை போய் 1996இல் தீர்ப்பு வாங்கிய மாவட்டம் இது. இங்கே சொட்டு நல்ல நீரும் கணக்கு.

உயிரியல் மாணவி:
உடைக்க வேண்டியதில்லை, அண்ணா. விலாங்குக் குஞ்சு ஈரச் சுவரில் ஊர்ந்து ஏறக்கூடியது. தடுப்பணையின் ஓரத்தில் மெல்லிய நீர் வழியும் ஒரு சரிவு, அதில் தேங்காய் நார்க் கயிறு அல்லது தூரிகைப் பலகை, குஞ்சு மேலேறிவிடும். வெளிநாடுகளில் இப்படிப்பட்ட ஏணிகள் பல காலமாக இருக்கின்றன. கயிற்றில் கசியும் நீரால் உங்கள் கிணறு வற்றிவிடாது.

ஓய்வு பெற்ற பொறியாளர்:
ஏறுவது பாதிக்கதைதான். முதிர்ந்த விலாங்கு எப்படிக் கடலுக்கு இறங்கும்? 348 கிலோமீட்டர் நீளமுள்ள இந்த ஆறு, 2021 நவம்பர் போன்ற வெள்ளத்தில் அல்லாமல் கடலில் சேரும் வாயலூரை முழுதாக எட்டுவதே அபூர்வம். அப்படி ஒரு வெள்ளம் வந்தால் உங்கள் நார்க்கயிறுதான் முதலில் அடித்துக்கொண்டு போகும்.

உயிரியல் மாணவி:
கயிற்றை மறுபடி கட்டிக்கொள்ளலாம், செலவு சில நூறு ரூபாய். இறங்குவதற்கு வெள்ளமே உதவி. இருட்டு இரவுகளில் புதுவெள்ளத்தோடு இறங்குவதுதான் அதன் இயல்பு. நீர் கிடைக்காத ஆண்டுகளில் ஏரியிலேயே காத்திருக்கும் பொறுமையும் அதற்கு உண்டு. அந்த ஒரு வெள்ளத்தில் கதவணைகளின் ஷட்டரை இரவிலும் திறந்து வைத்தால் போதும்.

ஏரிக்கரையான்:
அம்மா, ஒன்று கேட்கிறேன். வாயலூரில் முகத்துவாரத்துக்கு அருகிலேயே ஒரு தடுப்பணை இருக்கிறது. குஞ்சு வருகிறதென்றால் முதலில் அங்கேதான் வந்து முட்ட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு இரவில் டார்ச்சோடு போய் அந்தச் சுவரின் அடியைப் பாருங்கள். இருந்தால் கயிற்றுக்கு எங்கள் சங்கம் பணம் கொடுக்கும். ஒன்றுமே இல்லையென்றால் ஏணி யாருக்கு? அப்போது நான் மறுபடியும் குஞ்சு வாங்குவதைப் பற்றித்தான் பேசுவேன்.