‘இரேசர்ஹெட்’ பார்த்தவர்கள் கொஞ்சம் உதவுங்கள்

நண்பர்களே, அமெரிக்க இயக்குநர் டேவிட் லிஞ்சின் முதல் முழுநீளப் படமான ‘இரேசர்ஹெட்’ (1977) நேற்று இரவு பார்த்தேன். ஒன்றரை மணி நேரக் கறுப்பு வெள்ளைப் படம்தான், இன்னும் மனதை விட்டு இறங்கவில்லை. காதலி மேரியின் வீட்டு விருந்தில் நாயகன் ஹென்றி சமைத்த கோழியை வெட்டப் போனதும் அது காலை ஆட்டுகிறது, உள்ளிருந்து ரத்தம் கொப்பளிக்கிறது. அங்கே நிறுத்திவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

அவர்களுக்குப் பிறக்கும் அந்த விகாரமான குழந்தை, தகப்பனாகும் பயம் என்று எனக்குப் பட்டது. சரி, அப்படியென்றால் ஹென்றியின் அறையைச் சூடாக்கும் ரேடியேட்டருக்குள் பாடும் பெண் யார்? ஆறுதலா, சாவா? லிஞ்ச் கடைசிவரை விளக்கம் சொல்லவேயில்லை.

மறுபடி பார்க்கப் போகிறேன். எதைக் கவனிக்க வேண்டும்? அப்புறம், படத்தின் பின்னணியில் வரும் அந்த ஓயாத ஆலை இரைச்சலை ஹெட்போனில் கேட்டால் வேறு ஏதாவது பிடிபடுமா? பார்த்தவர்கள் சொல்லுங்கள்.