மகனை இழந்த நர்ஸ் நான், கவுன்சிலிங் படிக்கலாமா?

குழந்தைகள் வார்டில் 11 வருஷமாக நர்ஸ். இரண்டு வருஷத்துக்கு முன் என் மகன் போய்விட்டான், ஆறு வயது. மானிட்டர் அலாரம் அடித்தால் இன்றைக்கும் கை தானாக வேலை செய்கிறது. ஆனால் பெற்றோர் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவர்களுக்கு ஆலோசகராக வேண்டும் என்று ஆசை. ராத்திரியில் நோட்டில் எழுதவும் செய்கிறேன். இந்த வழியில் போனவர்கள் யாராவது உண்டா? எதிரே ஒரு அம்மா அழுதால் நான் அவருக்காக அழுவேனா, எனக்காகவா?

பதில் 1
நான் போனேன். என் மகள் இறந்து ஒன்பது வருஷம். இரண்டுக்காகவும் அழுவீர்கள். அதைக் கொண்டுபோய்ப் பேச ஒரு சூப்பர்வைசர் (உங்களை வழிநடத்தும் அனுபவமுள்ள ஆலோசகர்) வேண்டும், உங்களுக்கே ஒரு தெரபிஸ்டும் வேண்டும். இல்லாமல் யாரையும் பார்க்க உட்காராதீர்கள்.

எனக்கு அழுகையைவிடக் கைதான் கஷ்டமாக இருந்தது. நர்ஸ் கை சும்மா இருக்காதே. பயிற்சியில் ஒரு அம்மா அழ ஆரம்பித்ததும் டிஷ்யூ டப்பாவை அவர் பக்கம் நகர்த்திவிட்டேன். சட்டென்று கண்ணைத் துடைத்துக்கொண்டு "ஸாரி" என்றார். அதோடு பேச்சு நின்றது. 'போதும்' என்று நான் சொன்னதாகவே அவருக்குப் பட்டிருக்கிறது. இப்போது டப்பா அவர்களுக்கு எட்டுகிற இடத்தில் இருக்கும், நான் தொடுவதில்லை.

அப்புறம் எழுத்து. என் முதல் நோட்டு முழுக்க கேஸ் ஷீட் மாதிரி: 2.10 டெம்பரேச்சர் 103.2. 2.40 மூச்சு 52, டாக்டருக்குத் தகவல். மூன்று மாதம் இப்படியே. ஒரு ராத்திரி, 'என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டிருந்தாள்' என்று ஒரு வரி வந்தது. அதற்கப்புறம்தான் அவளைப் பற்றி எழுத முடிந்தது. ஒன்று மட்டும்: உங்களிடம் வருகிறவர்கள் சொல்வதை எழுதிவிடாதீர்கள், பெயரை மாற்றினாலும்கூட. அது அவர்களுடையது.

பதில் 2
நான் கவுன்சிலிங் சொல்லித்தருகிறவன். படிப்பில் துக்கத்தின் 'ஐந்து கட்டங்கள்' (மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு) வரும். 1969-ல் மனநல மருத்துவர் குப்ளர்-ராஸ் அதை எழுதியது, சாகும் தறுவாயில் இருந்த நோயாளிகளிடம் பேசிவிட்டு. பிள்ளையை இழந்தவர்களுக்கான கால அட்டவணை இல்லை அது. உங்களை அதில் பொருத்திப் பார்க்க வேண்டாம். சேர்வதற்கு முன், மகன் பெயரைச் சொல்லி ஒருவரிடம் ஒரு மணி நேரம் பேச முடிகிறதா என்று பாருங்கள்.

கேட்டவர்
நன்றி அக்கா, நன்றி சார். பதிலைப் படித்துவிட்டு நோட்டை எடுத்துப் பார்த்தேன். என்னுடையதிலும் நேரம் போட்டுத்தான் எழுதியிருக்கிறேன். 4.25-க்கு மேல் எதுவும் இல்லை.