வர்த்தமானி (அரச அறிவித்தல் இதழ்) வந்தது கடைக்குத் தெரிய எவ்வளவு நாள் தரணும்?

ஹட்டன் சில்லறைக்கடை: அரிசிக்கு உச்ச விலை போட்டால், கூடின விலைக்கு எடுத்த பழைய ஸ்டொக்கை முடிக்க அவகாசம் இருக்கா? வர்த்தமானியை எங்கே பார்க்கிறது?

தலவாக்கலை கணக்காளர்: அண்ணே, வாராந்த வர்த்தமானி வெள்ளிக்கிழமை வரும். விலைக் கட்டளை பெரும்பாலும் அதிவிசேட வர்த்தமானியில்தான், அது எந்த நாளும் வரலாம். அரச அச்சகத் திணைக்கள இணையத்தளத்தில் தமிழ்ப் பிரதியை இறக்கிக்கொள்ளுங்க. முதலில் "நடைமுறைக்கு வரும்" திகதியைப் பாருங்க. அடுத்தது அது யாருக்கு: இறக்குமதியாளருக்கா, விற்பவருக்கா? பழைய ஸ்டொக் பற்றி ஒரு வரியும் இல்லாவிட்டால் அவகாசம் இல்லை என்றே எடுங்க. மொத்தக் கடை பில் நஷ்டத்தைக் காட்டும், வழக்கிலிருந்து காப்பாற்றாது. உடனே விலைப் பலகையை மாற்றுங்க. பரிசோதகர் கண் முதலில் போறது அங்கேதான்.

மஸ்கெலியா பேக்கரி: வர்த்தமானி எல்லாம் ஒரேயடியாகத் திடீர்னு வருது என்று சொல்லவும் ஏலாது. 2023 ஒக்டோபர் 1 முதல் தடையான பிளாஸ்டிக் ஸ்ட்ரோ, கரண்டி, இடியாப்பத் தட்டு எல்லாம் முன்கூட்டியே அறிவித்தவைதான். செய்தி தோட்டத்துக் கடை வரைக்கும் வராததுதான் கோளாறு.

தலவாக்கலை கணக்காளர்: அரசியலமைப்பின் 23 ஆம் உறுப்புரைப்படி சட்டவிதிகள் சிங்களத்திலும் தமிழிலும் வெளிவரணும். தமிழ்ப் பிரதி கிடைக்காவிட்டால் 2016 இன் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் எழுத்தில் கேளுங்க. 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லணும். ஒப்புகைச் சீட்டை விட்டுடாதீங்க.