உடைந்த ஊசியை ஏன் ஒளித்தார்கள்? உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

திருப்பூர், லைன் சூப்பர்வைசர்:

பனியன் கம்பெனியில் லைன் சூப்பர்வைசராக எனக்கு இது பதினோராவது வருடம். தையல் மெஷினில் ஊசி உடைந்தால் துண்டுகள் எல்லாவற்றையும் பொறுக்கி, தாளில் ஒட்டி, பதிவேட்டில் எழுதிய பிறகுதான் புது ஊசி தருவோம். ஒரு துண்டு குறைந்தாலும் அந்த மெஷினைச் சுற்றியிருக்கும் பீஸ் அத்தனையிலும் தேட வேண்டும். குழந்தை போடும் சட்டையில் ஊசிமுனை போய்விடக் கூடாதே.

இரண்டு வருடத்துக்கு முன், பேக்கிங்குக்கு முன்னால் இருக்கும் மெட்டல் டிடெக்டரில் என் லைன் பீஸ் ஒரே வாரத்தில் இரண்டு முறை மாட்டியது. பதிவேட்டைப் பார்த்தால் அந்த வாரம் ஊசியே உடையவில்லை. முப்பது மெஷின் ஓடுகிற லைனில் அதெப்படி? மறைத்திருக்கிறார்கள். எங்கேயோ வாங்கி வைத்திருந்த ஊசியை மாட்டி ஓட்டியிருக்கிறார்கள். எல்லோரையும் நிற்க வைத்து, "உங்களுக்கெல்லாம் பொறுப்பே கிடையாதா?" என்று கத்தினேன். அடுத்த வாரமும் பதிவேடு காலி.

அப்போது பயிற்சி கொடுக்க வந்திருந்த ஒரு அம்மா என்னிடம் கேட்டார்: "ஊசி உடைஞ்சிருச்சுன்னு ஒருத்தர் வந்து சொன்னா, அடுத்த பத்து நிமிஷத்துல அவருக்கு என்னென்ன நடக்கும்? வரிசையா சொல்லுங்க."

சொல்லச் சொல்ல எனக்கே விளங்கிவிட்டது. முதலில் என்னிடம் திட்டு. அப்புறம் ஸ்டோருக்கு நடை, அங்கே காத்திருப்பு. அதற்குள் மெஷினுக்குப் பக்கத்தில் பீஸ் குவிந்துவிடும், அந்த மணி நேரத்து உற்பத்தி குறையும், அதற்கு இன்னொரு திட்டு. சொல்லாமல் விட்டால்? பெரும்பாலான நாட்களில் ஒன்றுமே நடக்காது. மெட்டல் டிடெக்டரில் மாட்டுவது சில நாள் கழித்து, அதுவும் யாருடைய ஊசி என்று தெரியாமல். ஒரு செயலைத் தொடர்ந்து என்ன கிடைக்கிறதோ, அதுதான் அந்தச் செயல் மறுபடி நடக்குமா என்பதைத் தீர்மானிக்கிறது என்று ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் எலிகளையும் புறாக்களையும் வைத்துக் காட்டியதை அந்த அம்மா விளக்கினார். என் லைனில் உண்மை சொன்னவருக்குத்தான் தண்டனை. கொடுத்தது நான்.

புது ஊசி டப்பாவை ஸ்டோரிலிருந்து என் மேஜைக்குக் கொண்டுவந்தேன். அதற்கே மேனேஜரிடம் இரண்டு நாள் பேச வேண்டியிருந்தது. யாராவது கையைத் தூக்கினால் நானே போவேன். தேடி முடிக்கும்வரை அந்த மெஷினின் உற்பத்திக் கணக்கை நிறுத்திவிடுவேன். துண்டெல்லாம் கிடைத்ததும், "முனை வரைக்கும் தேடி எடுத்துட்டீங்க, ரொம்ப நல்லதுங்க அக்கா" என்று, எதற்காகச் சொல்கிறேன் என்பது தெரியும்படி சொல்வேன். முதல் மாதம் பதிவேட்டில் பதினேழு ஊசி! மேனேஜர் பயந்துபோனார். உடைவது கூடவில்லை, இதுவரை ஒளிந்திருந்தது வெளியே வருகிறது என்று அவருக்குப் புரிய வைப்பதுதான் இதில் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் நிறையப் பாராட்டுகிறவள் என்று நம்பியிருந்தேன். அந்த அம்மா சொன்னபடி ஒரு நாள் காலை பத்து பட்டனை ஓவர்கோட்டின் இடது பையில் போட்டுக்கொண்டேன். ஒருவர் செய்த நல்ல வேலையைக் குறிப்பாகச் சொல்லும் ஒவ்வொரு முறையும் ஒரு பட்டனை வலது பைக்கு மாற்ற வேண்டும். சாயங்காலம் பார்த்தால் வலது பையில் இரண்டு. எல்லோருமே தங்களைப் பற்றி இப்படித்தான் தப்பாகக் கணக்குப் போடுகிறோம் போல. 1970 வாக்கில் எமரி ஏர் ஃபிரைட் என்ற அமெரிக்க விமான சரக்கு நிறுவனத்தில் சிறிய பார்சல்களைச் சேர்த்துப் பெரிய பெட்டியில் அனுப்பச் சொல்லியிருந்தார்கள். சுமார் 90 சதவீதம் அப்படித்தான் அனுப்புகிறோம் என்று அங்கே நினைத்துக்கொண்டிருந்தார்கள். எண்ணிப் பார்த்தபோது 45. வேலை செய்பவர்களே தினமும் குறித்துக்கொள்ள ஒரு தாளைக் கொடுத்து, முன்னேற்றத்தைப் பாராட்டத் தொடங்கியதும் அது 95 சதவீதமானது.

உங்களுக்கு இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

மதுரை, டியூஷன் டீச்சர்:

எனக்கு நேர்மாறாக நடந்தது அக்கா. இரவு எட்டு மணிக்கு டியூஷன் முடியும். சில பெற்றோர் எட்டரைக்குத்தான் வருவார்கள். தாமதித்தால் ஐம்பது ரூபாய் என்று அறிவித்தேன். அதுவரை "மன்னிச்சுக்கங்க டீச்சர்" என்று ஓடி வந்தவர்கள், அதற்குப் பிறகு நிதானமாக ஒன்பது மணிக்கு வந்து ஐம்பது ரூபாயை நீட்டினார்கள். கூச்சத்துக்கு நானே ஒரு விலை போட்டுவிட்டேன்!

இஸ்ரேலில் ஹைஃபா நகரத்துக் குழந்தைகள் காப்பகங்களில் உரி நீசி, ஆல்டோ ருஸ்டிகினி என்ற இரண்டு பொருளியலாளர்கள் இதையே சோதித்து 2000இல் வெளியிட்டிருக்கிறார்கள் என்று பிறகுதான் படித்தேன். பத்துக் காப்பகங்களில் ஆறில் மட்டும், பத்து நிமிடத்துக்கு மேல் தாமதித்தால் 10 ஷெக்கல் அபராதம். தாமதமாக வருகிறவர்கள் ஏறக்குறைய இரண்டு மடங்கானார்கள். அபராதத்தை எடுத்த பிறகும் எண்ணிக்கை பழைய நிலைக்குத் திரும்பவில்லை. என் வீட்டு வாசலிலும் அதேதான். இப்போது எட்டு மணிக்குப் பிள்ளைகள் எல்லோரும் ஒன்றாக வெளியே வந்துவிடுவார்கள், நான் கதவைச் சாத்திக்கொண்டு திண்ணையில் அவர்களோடு உட்கார்ந்திருப்பேன். தாமதமாக வருகிறவர் என்னையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. கொஞ்சம் குறைந்திருக்கிறது.

கும்பகோணம், அப்பாவைப் பார்த்துக்கொள்ளும் மகள்:

சின்ன விஷயம்தான். அப்பா பிரஷர் மாத்திரையை அடிக்கடி மறந்துவிடுவார். நினைவூட்டினால் கோபம் வரும், "என்னை என்ன குழந்தைன்னு நெனச்சியா?" என்பார். ஆனால் காலை ஆறு மணி ஃபில்டர் காபியை வாழ்நாளில் மறந்ததில்லை. மாத்திரை டப்பாவை அலமாரியிலிருந்து எடுத்து, கவிழ்த்து வைக்கும் டபராவுக்கு அடியில் வைத்தேன். டபராவைத் தூக்காமல் காபி குடிக்க முடியாது. முன்பே டாக்டரிடம் கேட்டுக்கொண்டேன், அந்த மாத்திரையைக் காலையில் காபி நேரத்தில் போட்டுக்கொள்ளலாம் என்றார். நாலு மாதமாக நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எங்கள் இருவருக்கும் நடுவே இருந்த அந்தக் காலைச் சண்டை நின்றதுதான் எனக்குப் பெரிய நிம்மதி.

திருப்பூர், லைன் சூப்பர்வைசர்:

டபரா யோசனை அருமை தங்கச்சி. டீச்சர், உங்கள் அனுபவத்தைப் படித்ததும் என் தவறு ஒன்று ஞாபகம் வந்தது. ஊசி விஷயம் சரியானதும் உற்சாகத்தில், மாதத்தின் சிறந்த டெய்லர் என்று ஒருவரின் போட்டோவைச் சுவரில் ஒட்டினேன். ஓவர்லாக் ஓட்டுகிற ஒரு அக்கா. மற்றவர்கள் சாப்பாட்டு நேரத்தில் அவரைக் கிண்டல் செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். இரண்டாவது வாரம் என்னிடம் வந்து, "அதை எடுத்துருங்க, எனக்குப் பக்கத்துல யாரும் உக்கார மாட்டேங்கறாங்க" என்றார். எல்லோருக்கும் முன்னால் பாராட்டுவது எல்லோருக்கும் பரிசாகிவிடாது என்று எனக்கு அன்றுதான் உறைத்தது. போட்டோவை எடுத்துவிட்டு, அவருக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். வெள்ளிக்கிழமைகளில் மகளை ஹாஸ்டலிலிருந்து கூட்டிவர அரை மணி நேரம் முன்னால் விட்டால் போதும் என்றார்.