கூப்பே காருக்குக் கூரை திறக்கணுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்க

பீளமேடு:
செட்டிபாளையம் கரி ஸ்பீட்வேயில் ரேஸ் பார்த்துவிட்டுத் திரும்பும்போது எங்களுக்குள் இந்தச் சண்டை. கூப்பே என்றால் ரெண்டு கதவு, திறக்காத கூரை உள்ள கார். டொயோட்டா 86 என்ற கூப்பேக்கு மடக்குகிற துணிக்கூரை போட்டு 2013 ஜெனிவா கண்காட்சியில் ஒரு மாதிரி வண்டியை நிறுத்தினார்கள். கடைக்கு அது வரவே இல்லை. கேட்கிறவனுக்குத் திறந்த வண்டியும் கொடுக்கலாமே என்பது என் கட்சி. ஓட்டியவர்கள், உட்கார்ந்தவர்கள், கை வைத்தவர்கள் வாங்க.

சிங்காநல்லூர், டிங்கரிங் பட்டறை:
கை வைத்தவன் நான். பல வருஷம் முன்னாடி ஒருத்தர் பழைய ரெண்டு கதவு ஜப்பான் கூப்பேயைக் கொண்டுவந்து, "கூரையை எடுத்துடுங்ணா, தோட்டத்துக்குள்ள ஓட்டத்தான்" என்றார். ரோட்டுக்கு என்றால் தொட்டிருக்க மாட்டேன், ஆர்டிஓ ஆபீசில் பதில் சொல்ல முடியாது. கதவைச் சாத்தி வைத்துக் கூரையைத் தாங்கும் தூண்களை அறுத்தோம். நாலு பேர் கூரையைத் தூக்கி ஓரமாக வைத்ததும் பட்டறைப் பையன் இடது கதவைத் திறந்தான். திரும்பச் சாத்த வரவில்லை! கதவு ஓரச் சந்து மேலே ஒட்டிக்கொண்டது, கீழே பிளந்து நின்றது. வண்டி நடுவில் தொய்ந்துவிட்டது. கயிற்றுக் கட்டிலில் ஒரு சட்டத்தை உருவின கதைதான்.

அப்புறம் நடுவில் ஜாக்கி கொடுத்துத் தூக்கி, கதவுக்குக் கீழே நீளத்துக்கும் இரும்புச் சேனல் வைத்து வெல்டு அடித்தோம். கதவு சாத்தியது. ஆனால் வரப்பில் ஏறி இறங்கினால் முன் கண்ணாடிச் சட்டம் தனியாக ஆடும். கம்பெனிக்காரர்களும் அடியில் பலம் கூட்டித்தான் கூரையை எடுக்கிறார்கள், நம்மைவிட நேர்த்தியாக. எடை ஏறத்தான் செய்யும். 2019-ல் வந்த டொயோட்டா சுப்ராவும் பிஎம்டபிள்யூ இசட்4-உம் ஒரே அடித்தளம். சுப்ரா கூரையோடு மட்டும், இசட்4 திறந்தது மட்டும். என்னைக் கேட்டால் அதுதான் யோக்கியமான ஏற்பாடு.

பொள்ளாச்சி:
பட்டறைக்காரர் சொன்னது ஹெரால்டுக்குப் பொருந்தாதுங்க. இங்கிலாந்தில் 1959-ல் ட்ரையம்ப் ஹெரால்டு கூப்பே வந்தது, அடுத்த வருஷமே திறந்த வண்டியும் வந்தது. பாடிக்கு அடியில் தனி இரும்புச் சட்டம், அதாவது தனிச் சேஸிஸ் என்பதால் கூரை போனாலும் முதுகெலும்பு அடியில் பத்திரம். அப்புச்சியின் (அம்மாவின் அப்பா) கூட்டாளி ஒருத்தர் அப்படித் திறந்தது ஒன்று வைத்திருந்தார். ஆனி மாசம், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று. பின் சீட்டில் அம்மாயி (அம்மாவின் அம்மா) முந்தானையை வாயில் கவ்விக்கொண்டு ஆழியாறு வரைக்கும் வந்தார். மஞ்சி மில்லை, அதாவது தேங்காய் நார் மில்லைத் தாண்டும்போது எல்லார் தலையிலும் தூசி. இறங்கியதும் அம்மாயி கேட்டார்: "இவ்வளவு காசு போட்டவரு, மேல மூடறதுக்கும் சேர்த்துக் குடுத்திருக்கக் கூடாதா?"

பல்லடம்:
என்னுடையது கூப்பே இல்லை, 2020-ல் வந்த புது மஹிந்திரா தார் ஜீப், துணிக்கூரை. ஒரு தடவை விடியற்காலையில் கூரையை மடக்கிவிட்டு வால்பாறை ஏறினேன். நாற்பது கொண்டை ஊசி வளைவு. ஒன்பதாவதில் நிறுத்தி ஆழியாறு அணையைப் பார்த்தபோது தலைக்கு மேலே ஒன்றுமே இல்லை, அதை எப்படிச் சொல்வது... அட்டகட்டி தாண்டியதும் மழை. ஓரம்கட்டி மூடுவதற்குள் சீட்டெல்லாம் தெப்பம். எங்க ஊர் வெயிலில் மற்ற நாளெல்லாம் மூடி, ஏசி போட்டுத்தான் ஓட்டம். ஆனாலும் அடுத்த வண்டியும் திறக்கிற மாதிரிதான். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.